முன்னூற்றைம்பது சி.சி. சீர்

அப்பா,

நேற்றுச் சாயங்காலம் நம் காரைக்கால் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது அந்தப் புகை வந்து மூக்கில் அடித்தது. பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிகிற பழைய புகை. இப்போது ஓடுகிற வண்டி எதிலும் அந்த வாடை கிடையாது. திரும்பிப் பார்த்தேன். அதே வண்டி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர், அதே உருண்டை டேங்க். யாரோ ஒருவர் எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, வர்ணம் பூசி, புதுசாக்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். சுற்றிலும் கூட்டம், ஆளாளுக்குச் செல்போனில் படம். நான் நின்று பார்ப்பதைக் கண்டு அவர் சிரித்தார். "அங்கிள், உங்க காலத்து வண்டியாச்சே! ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன்" என்றார். எனக்கு வாயெல்லாம் எச்சில் ஊறிக் குமட்டிக்கொண்டு வந்தது. அரசலாற்றுப் பக்கம் போய் மூன்று தடவை துப்பினேன்.

வண்டியைப் பார்த்து வந்த குமட்டல் இல்லை அப்பா அது. இரும்பு என்ன பாவம் செய்தது? என்னைப் பார்த்து வந்த குமட்டல். தங்கச்சி மல்லிகாவின் இடது காலை முறித்த வண்டி அது. அவளைக் கட்டிய மாப்பிள்ளைக்குச் சீராக அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அதில் நான் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யோடு நீங்கள் செத்துப்போனீர்கள். ஆகவே இதை எழுதித்தான் ஆக வேண்டும். நீங்கள் பத்திரம் எழுதிப் பிழைத்த மனிதர். வாயால் சொன்னதை நீங்கள் என்றைக்கு நம்பினீர்கள்?

எண்பதுகளின் நடுவில், மழை விட்ட ஒரு தை மாதம் அது. அம்மா போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. தருமபுரத்து வீட்டில் நீங்கள், நான், மல்லிகா மூன்று பேர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்சன் வாங்கிக்கொண்டிருந்தவரை ஊரே சொல்தா என்றுதான் கூப்பிட்டது. அவர் சம்சாரத்தை மதாம் என்றது. அவர்களுடைய ஒரே மகன் பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஆறு வார லீவில் வந்திருந்தான். அந்த ஆறு வாரத்துக்குள் பெண் பார்த்து, தாலி கட்டிவிட்டு விமானம் ஏற வேண்டும். நம் மல்லிகாவைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. ஊரில் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படாத ஆள் இல்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் சும்மாவா!

நிச்சயம் பேச அவர்கள் வீட்டுக்குப் போனோம். கண்ணாடி அலமாரி நிறைய காலி சென்ட்டு பாட்டில்கள். நகை, பாத்திரம், கட்டில், பீரோ என்று மதாம் சொல்லச் சொல்ல நீங்கள் உங்கள் பேனாவால் எழுதிக்கொண்டே வந்தீர்கள். என்ன எழுத்து அப்பா உங்களுக்கு! அந்தக் கேவலமான பட்டியல்கூட உங்கள் கையெழுத்தில் கோயில் கல்வெட்டு மாதிரி இருந்தது. எல்லாம் முடிந்து மூடியைத் திருகப் போனபோது மதாம் சொன்னாள்.

"மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டோ. அத எழுதல பாருங்க."

"மோட்டார் சைக்கிள்தானே, எழுதிடுறேன்" என்றீர்கள்.

"வெறும் மோட்டார் சைக்கிள்னு எழுதிட்டா எப்படி? பால்காரன் ஓட்டுற வண்டிய வாங்கிக் கொண்டாந்து நிறுத்திடுவீங்க. அவன் அங்க ஆயிரம் சி.சி. ஓட்டுறான். இங்க ரேஸ் வண்டி ஒண்ணு வந்துருக்காமே, முன்னூத்தம்பது. சி.சி.யப் போட்டு எழுதுங்க."

நீங்கள் எழுதினீர்கள். 'மோட்டார் சைக்கிள் ஒன்று, முன்னூற்றைம்பது சி.சி.' எண்ணாலும் எழுத்தாலும். நகைக்குப் பவுன் மாதிரி வண்டிக்கு சி.சி.யைக் கணக்குப் பார்த்து வாங்குகிற வழக்கம் அந்த நாளில்தான் நம் ஊரில் கிளம்பியது. எவன் வீட்டு மாப்பிள்ளைக்கு எத்தனை சி.சி. என்று டீக்கடையில் பேசுவார்கள். சி.சி. என்றால் என்ன என்று பேசுகிறவனில் பாதிப் பேருக்குத் தெரியாது. சீ, நினைத்தாலே கூசுகிறது.

அப்போது மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து விசிறினான். "பெர்மி இருக்கு மாமா, அந்த ஊரு லைசென்ஸ்" என்றான். விசிறிய வேகத்தில் உள்ளே வைத்துக்கொண்டான். அப்பா, காரைக்காலில் பழைய பிரெஞ்சுப் பத்திரத்தைப் படித்துச் சொல்ல நாலு பேர் இருந்தால் அதில் நீங்கள் ஒருவர். அரைக்குழி மனைக்கட்டுக்குக்கூட மூலப் பத்திரத்தை மூன்று தடவை படிக்காமல் கை வைக்க மாட்டீர்கள். அந்த அட்டையை மட்டும் கையை நீட்டிக் கேட்கவில்லை. வழியில் நான் கேட்டேன். "பொண்ணக் குடுக்குறவன் மாப்பிள்ளையோட லைசென்ஸ வாங்கிப் பார்த்தா என்னடா அர்த்தம்? மரியாதையா இருக்குமா?" என்றீர்கள். மரியாதை! அந்த அட்டையில் காருக்கு மட்டும்தான் அனுமதி இருந்தது என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிய வந்தது. பிரெஞ்சு தெரிந்த நீங்கள் ஒரு நிமிஷம் கையில் வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

உங்களைக் குறை சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. உங்களுக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், நிச்சயம் ஆன நாலாம் நாள் மாப்பிள்ளை என்னைத் தேடி நான் வேலை பார்த்த மோட்டார் பாகங்கள் விற்கிற கடைக்கே வந்தான். தோளில் கையைப் போட்டான். "மச்சான், இந்த ஊரு ரோட்டுல ஓட்டி நாளாச்சு. ஒன் வண்டியில ஒரு ரெண்டு நாளு பழகிக்கிறேன். ஊருக்குள்ள வேணாம், யாரும் இல்லாத எடமா கூட்டிட்டுப் போ" என்றான். என்னுடைய அந்தக் கிழட்டு நூற்றெழுபத்தைந்தை எடுத்துக்கொண்டு பட்டினச்சேரிக்குப் போனோம். மீன் காய்கிற மணல் மேட்டுக்குப் பக்கத்துச் சாலை. உட்கார்ந்தான். கிளட்ச்சைப் பிடிக்காமலே கியரை மிதித்தான். வண்டி துள்ளி நின்றது. மறுபடி துள்ளியது, மறுபடி நின்றது. நாலாம் தடவை, "இங்க பெட்ரோலே சரியில்ல மச்சான்" என்றான். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, அதை ஓட்டத் தெரியாட்டி தள்ளிக்கிட்டுப் போயேன், எங்க கருவாடெல்லாம் மண்ணாவுது" என்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் முகம் சுண்டைக்காயாகிவிட்டது.

இரண்டாம் நாளும் போனோம். நேராக ஓட்டும் அளவுக்கு வந்தான். திருப்பச் சொன்னால் காலை ஊன்றினான். பிரேக் என்றால் கையா காலா என்று யோசித்தான். ஆயிரம் சி.சி. ஓட்டுகிறவனாம்! அவன் பாரிசில் பஸ்ஸில் போகிறவன் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. நல்லவன் போலத்தான் இருந்தான், அதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பயந்தவன். அம்மா ஊர் முழுக்க அளந்துவிட்ட கதையைக் காப்பாற்ற வேண்டிய இக்கட்டில் இருந்தான். திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு என் காதுக்குள் சொன்னான்.

"யாருட்டயும் சொல்லிடாத மச்சான். நான் எத்தனை நாளு ஓட்டப் போறேன்? ஒரு மாசம். அப்புறம் ஃபிளைட் ஏறிடுவேன், மல்லிகாவும் பப்பியே, அதான் விசாப் பேப்பரு, வந்ததும் வந்துரும். வண்டி ஒங்கிட்டதான் நிக்கும். நீயே வச்சிக்க."

அவ்வளவுதான் அப்பா. என் தங்கச்சியின் காலுக்கு நான் பேசிக்கொண்ட விலை அது. அந்த வண்டியைப் பற்றிக் கடைக்கு வந்த பத்திரிகையில் படம் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. என் சம்பளத்தில் ஏழு ஜென்மத்துக்கும் வாங்க முடியாத வண்டி. அது என் கைக்கு வரப் போகிறது.

பிறகு கும்பகோணத்துக்குப் போனோமே, நீங்களும் நானும், ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடித்த பட்டியலை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். ஷோரூமில் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒன்று நூறு சி.சி., சின்னது, சிவப்பு. இன்னொன்று அந்த முன்னூற்றைம்பது. கடையில் வண்டி காட்டியவர் நடுத்தர வயசுக்காரர், வெற்றிலை போட்ட வாய். முதல் கேள்வியே, "யாருக்குங்க வண்டி? ஓட்டிப் பழகினவரா, புதுசா?" என்றார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வண்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவரே தொடர்ந்தார். "மொத வண்டின்னா நான் பெரிசைத் தள்ளிவிட மாட்டேங்க. எனக்கு இதுலதான் லாபம், ஆனாலும் சொல்றேன். ரெண்டையும் தள்ளிப் பாருங்க." உங்களையே பிடித்துத் தள்ளச் சொன்னார். சின்னதை நீங்கள் சுலபமாக நகர்த்தினீர்கள். பெரியது சாய்ந்தது, நான் ஓடி வந்து பிடித்தேன். "பார்த்தீங்களா? ரோட்டுல நிக்கும்போது ரெண்டு காலும் தரையில படணும், சாஞ்சா ஒத்தக் கையால தாங்கணும். அதான் மொத வண்டி. இது நல்ல வண்டி, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஆக்சிலேட்டரத் திருகினா கொஞ்ச தூரம் சாது மாதிரி போவும், திடீர்னு பிச்சிக்கிட்டுக் கெளம்பும். பழகினவன் சிரிப்பான். பழகாதவன் கீழ கெடப்பான். ஒரு வருஷம் சின்னதுல ஓட்டட்டும், அப்புறம் வந்து இதை எடுக்கட்டும்."

முன்பின் தெரியாத மனிதர் அப்பா. வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்னார். இன்றைக்கு யாராவது புதுசாகப் பழகுகிறவர்கள் கடைக்கு வந்து எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டால் அவர் சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொல்கிறேன். என்னைப் பெரிய விவரக்காரன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

நீங்கள் என் கையைப் பிடித்து வாசல் பக்கம் கூட்டிப்போனீர்கள். பட்டியலைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டீர்கள். நீங்கள் கேட்டதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

"தம்பி, எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. எழுதிட்டேன், எழுதினத மாத்துறது எனக்குக் கஷ்டம்தான். ஆனா பின்னாடி ஏறப் போறது எம் பொண்ணு. மாப்பிள்ளைக்கு ஓட்ட வருமா? நீ வராதுன்னு ஒரு வார்த்த சொல்லு, அந்தச் சின்னதையே எடுத்துக்கிறேன். அந்த அம்மா கால்ல விழணும்னாலும் விழுந்துட்டுப் போறேன்."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "என்னப்பா நீங்க, நானே கூடப் போய்ப் பார்த்தேன். பிரமாதமா ஓட்டுறாரு. இந்த ஆளு ஸ்டாக்கு இல்லாம அளக்குறான்" என்றேன். பக்கத்திலேயே ஸ்டாக்கு நின்றுகொண்டிருந்தது. நீங்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. உங்கள் முகத்தில் இருந்த பாரம் இறங்குவதைப் பார்த்தேன். "சரி, நீ சொன்னா சரி" என்றீர்கள்.

தூ! எழுதும்போதே என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வண்டி லாரியில் வந்தது. ஓட்டிக்கொண்டு வரக் கூடாது என்று மதாம் சொல்லிவிட்டாள். மீட்டரில் பூஜ்யம் இருக்க வேண்டுமாம். யார் காலும் படாத வண்டியாக வந்து, மாப்பிள்ளைதான் முதலில் ஏற வேண்டுமாம். சீர் வண்டிக்கு எல்லா வீட்டிலும் அப்படித்தான் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் குனிந்து மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் மொய் வைக்கவே போனார்கள். ஆகவே அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தவர் எவரும் இல்லை, ஓட்டிப் பழகியவரும் எவரும் இல்லை. பட்டினச்சேரியில் பழகிய இரண்டு நாளும் வேறு வண்டியில். புதுப் பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஊரே பார்க்க, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் அதில் ஏறப் போகிறான். இதில் என்ன நடக்கும் என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு டேங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

முகூர்த்தம் முடிந்து, பந்தியும் பாதி முடிந்து, உச்சி வெயில். மண்டபத்து வாசலில் வாழை மரத்துக்கு நடுவே வண்டி. மாலை, சந்தனம், இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். மாப்பிள்ளை அந்த வெயிலில் கோட்டு சூட்டு. மல்லிகா கூறைப் புடவையோடு ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தாள். "விழுந்துற மாட்டேனே?" என்று சிரித்துக்கொண்டே என்னிடம்தான் கேட்டாள். "கெட்டியாப் புடிச்சிக்க" என்றேன். அவன் மூன்று தடவை உதைத்தான், கிளம்பவில்லை. நாலு பேர் சிரித்தார்கள். நான் போய் உதைத்துக் கொடுத்தேன். நான்தான் கிளப்பிக் கொடுத்தேன்.

நாயனக்காரர் வாசிப்பை ஏற்றினார். அவன் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினான். சத்தம் காதைப் பிளந்தது, நீலப் புகை கிளம்பியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலில் கிளட்ச்சை ஒரேயடியாக விட்டுவிட்டான். முன்சக்கரம் தூக்கியது. வண்டி ஒரு வாழை மரத்தை இடித்துத் திரும்பி இடது பக்கமாகச் சாய்ந்தது. அவன் குதித்துத் தப்பித்தான். மல்லிகாவுக்குக் குதிக்க இடமில்லை. இரண்டு காலும் அந்தப் பக்கம்தான் இருந்தன. வண்டி மொத்தமும் அவள் இடது கணுக்கால் மேல் விழுந்தது.

முதலில் ஓடியவன் நான். ஒற்றை ஆளாக அந்த வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். நீங்கள் பந்தியிலிருந்து கை கழுவாமலே ஓடி வந்தபோது, நான் வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மல்லிகாவின் கால் வெளியே வந்திருந்தது. அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததை மறக்க முடியுமா? டாக்டர் வெளியே வந்து, கணுக்கால் எலும்பு நொறுங்கிவிட்டது, முடிந்ததைச் செய்கிறேன், முன்போல நடப்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். மதாம் என்னிடம் வந்தாள். "வண்டி சாவி யாருட்ட இருக்கு? வெயில்ல நிக்குது, பெயிண்டு போயிடும்" என்றாள். கல்யாணப் பெண் உள்ளே வலியில் கத்துவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டது. நீங்கள் என் பையிலிருந்து சாவியை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தீர்கள். சீரல்லவா!

எத்தனையோ வருஷம் அந்த மதாமைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பொம்பளையா அவள், பேயா என்று. என்ன யோக்கியதை எனக்கு? சாவி கைமாறியபோது எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. மல்லிகாவுக்காக வரவில்லை. வண்டி போகிறதே என்று வந்தது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மாப்பிள்ளை இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்தான், கட்டிலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான், லீவு முடிந்து போய்விட்டான். பப்பியே வரும், பப்பியே வரும் என்று ஒன்றரை வருஷம். "நொண்டிக் கால வச்சிக்கிட்டு அந்தப் பனியில எப்படி நடக்கும்? அந்தப் பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று மதாம் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கடைசியில் பிரெஞ்சில் ஒரு பதிவுத் தபால். நீங்களே படித்து, பத்திரம் வாசிக்கிற அதே குரலில், வரி வரியாகத் தமிழில் சொன்னீர்கள். விவாகரத்து. நடுவில் உங்கள் குரல் நின்றுவிட்டது. மல்லிகா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அடுத்த வரி என்னப்பா?" என்றாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அதற்கப்புறம் நீங்கள் யாருக்கும் கல்யாணப் பட்டியல் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினீர்கள். "ஏங்கையால எழுதினதுதான் எம் பொண்ணு மேல விழுந்துச்சு" என்று சொன்னீர்கள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். எழுத்து இல்லை அப்பா, எழுத்தை மாற்ற நீங்கள் தயாராக இருந்தீர்கள், நான் வேண்டாமென்றேன் என்று. சொல்லவில்லை. மல்லிகா தட்டச்சு கற்று, உங்களிடமே பிரெஞ்சும் கற்று, பென்சன்காரர் வீட்டு விதவைகளுக்கு மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தாள். நீங்கள் கொஞ்சம் தேறினீர்கள். நானும், சரி, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதும் பொய்தான். பயந்தேன்.

ஏன் பயந்தேன் என்றால், நீங்கள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "அத்தனை பேரு நின்னாங்க, ஒருத்தனும் அசையல. எம் புள்ளதான் ஓடிப் போயி அவ்ளோ பெரிய வண்டிய ஒத்த ஆளாத் தூக்கினான். அவன் இல்லேன்னா அவளுக்குக் காலே இருந்துருக்காது." உறவுக்காரர்களிடம், தபால்காரரிடம், திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சிக்கு வந்துவிட்டு நம் வீட்டில் தங்கியவர்களிடம், எல்லோரிடமும். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையே சொன்னீர்கள். கடைசி மாதம் படுக்கையில் கிடந்தபோதும், பார்க்க வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க இதையே சொன்னீர்கள். "இந்தா நிக்கிறானே, இவந்தான்." நான் கால்மாட்டில் நின்று தலையை ஆட்டினேன்.

நான் எதற்குத் தூக்கினேன் தெரியுமா அப்பா? விழுந்த சத்தத்தில் என் கண்ணுக்கு முதலில் தெரிந்தது டேங்க். புது டேங்க், என் டேங்க், மண்ணில் கிடந்தது. பெட்ரோல் வழிந்தது. ஐயோ வண்டி என்றுதான் ஓடினேன். தூக்கி நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த துண்டால் டேங்கைத் துடைத்தேன். மூலையில் நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலை விரலால் தடவிப் பார்த்தேன். அதற்கு அப்புறம்தான் கீழே குனிந்தேன். நீங்கள் வந்து பார்த்தது அந்தக் குனிதலை.

நேற்று வீட்டுக்கு வந்தபோது மல்லிகா உங்கள் மேசையில் உட்கார்ந்து யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இப்போது அறுபதை ஒட்டிவிட்டது. "என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். கடற்கரைச் சாலையில் பார்த்ததைச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பட்டினச்சேரி, கும்பகோணம், நீங்கள் வாசலில் வைத்துக் கேட்டது, நான் சிரித்தது எல்லாவற்றையும் கொட்டினேன். டேங்க் விஷயத்தை மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். அப்போதும் அதை மறைக்கப் பார்த்தேன் பாருங்கள், எப்பேர்ப்பட்ட பிறவி நான்!

அவள் பேனாவை மூடி வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை, அவள் முகத்தைப் படிக்க எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

"அவனுக்கு ஓட்டத் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும்ங்கறது எனக்குத் தெரியாது. இப்பதான் தெரியுது" என்றாள். "ஆனா வண்டிய எதுக்குத் தூக்கினேன்னு தெரியும். நான் கீழதானே கெடந்தேன்? ஒன்னையேதான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அண்ணேன்னு கூப்புட்டேன். நீ டேங்கத் தொடச்சிக்கிட்டு இருந்தே."

அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டதா, கேட்கவில்லையா? இத்தனை வருஷமும் கேட்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

"ஏன் அப்பாட்ட சொல்லல? முப்பது வருஷமா அவரு அந்தக் கதையச் சொல்லிக்கிட்டு இருந்தாரே, நீயும் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?" என்றேன்.

"சொல்லிருப்பேன். ஆஸ்பத்திரியிலயே சொல்லிருப்பேன்" என்றாள். "அந்த ஒரு வண்டியால அவருக்கு மாப்பிள்ள போனான், எங்காலு போச்சு, அவரு எழுத்து மேல இருந்த நம்பிக்கையும் போச்சு. மிச்சம் இருந்தது புள்ள ஒருத்தன். அதையும் புடுங்கச் சொல்றியா?"

பிறகு பேனாவைத் திறந்து விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

அப்பா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீங்கள் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டீர்களே, அந்த மகன் உங்களுக்குப் பிறக்கவில்லை. உடைந்த காலோடு கிடந்துகொண்டு மல்லிகாதான் அவனை உங்களுக்குக் கொடுத்தாள்.